ஒக்டோபரை மே ஆக்கிய கதை

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் ஏற்கெனவே ஒரு தடவை எழுதியிருக்கிறேன். 1987இல், லண்டன் டூட்டிங்கில், என் சமையலறை மேசையில், ஆங்கிலத்தில், நாலு பக்கம். அப்போது அதற்குக் கதை என்று பெயரில்லை. கேஸ் என்று பெயர். அகதி விண்ணப்பத்தோடு கொடுக்கும் வாக்குமூலத்தை எங்கள் சனம் அப்படித்தான் சொல்லும். ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவன் என்பதால், 'பாலேந்திரா அண்ணையிட்டைப் போனால் கேஸ் நல்லா எழுதுவார்' என்று என் பெயர் அடிபட்டது. எனக்கும் தலைக்கனம் ஏறியிருந்தது, ஏன் மறைப்பான்.

2.

தொடக்கம் அ: "மன்னார் மண் ஈன்ற ஒப்பற்ற உதைபந்தாட்ட வீரன் யேசுரட்ணம்..."

(வேண்டாம். செத்தவீட்டில் அச்சடித்துக் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகம் மாதிரி இருக்கிறது.)

தொடக்கம் ஆ: யேசுரட்ணம் இடதுகால்காரன். இலங்கையில் நாடு முழுவதற்குமான முதல்தர லீக் அப்போதுதான் தொடங்கியிருந்தது. அதில் ஒரு கொழும்பு அணிக்கு அவன் விளையாடினான். அணியில் ஒரேயொரு தமிழன். கோல் அடித்தால் தோளில் தூக்குவார்கள். தவறவிட்டால் 'கொட்டியா' என்று கூட்டம் கத்தும். சிங்களத்தில் புலி என்று அர்த்தம்.

1986 ஒக்டோபரில், பயிற்சி முடிந்து நடந்து வந்தவனை வீதியில் வைத்துப் பொலிஸ் ஜீப்பில் ஏற்றினார்கள். மூன்று கிழமை வைத்திருந்தார்கள். எந்தக் கால் என்று கேட்டுவிட்டுத்தான் அடித்தார்கள். அந்த அறையில் அவனை

(இதற்கு மேல் ஒரு பந்தி இருந்தது. அழித்துவிட்டேன். அதை விற்க எனக்கு உரிமையில்லை.)

3.

இதெல்லாம் அவன் லண்டனுக்குத் தப்பி வந்து என் மேசையில் இருந்து சொன்னது, எல்லாம் உண்மை. ஆனால் எனக்கு ஒக்டோபர் பிடிக்கவில்லை. மே மாதம் கொழும்பில் குண்டு வெடித்திருந்தது. லண்டன் பத்திரிகைகளிலும் வந்தது. அதற்குப் பிறகு தமிழரைப் பிடித்தார்கள் என்றால் எந்தக் குடிவரவு அதிகாரியும் நம்புவான்.

"தம்பி, மே எண்டு போடுவம்."

"பிடிச்சது ஒக்டோபரிலையெல்லோ அண்ணை."

"பிடிச்சது உண்மைதானே. மாதம் எதெண்டால் என்ன? அவன் நம்பவேணும்."

"நீங்கள் சொன்னால் சரி."

மே 10 முதல் 31 வரை என்று எழுதினேன். அவன் அதைச் செபம் போல மனப்பாடம் செய்தான். என் வசனங்களை ஒருவன் பாடமாக்கியது அதுதான் முதல் தடவை. வெட்கங்கெட்ட சந்தோஷம் ஒன்று வந்தது.

4.

இனி அவன் செய்யப்போவதை நீங்கள் நம்பமாட்டீர்கள். எனக்கே இந்தப் பாத்திரத்தின் மேல் சந்தேகம்.

விசாரணையில் அதிகாரி, ஊரில் என்ன செய்தாய் என்று கேட்டிருக்கிறார். லீக்கில் விளையாடினேன் என்றிருக்கிறான். அவர் மெல்லச் சிரித்திருக்கிறார். உடனே இவன் சட்டைப்பையிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து நீட்டினான். அந்தப் பத்திரிகை வருவதற்கு முந்தின நாள் ஆட்டத்தில் அடித்த இரண்டு கோல், படம், பெயர். பிறகு யாரும் மறுத்துப் பேசக்கூடாது என்று மேலே இருந்த தேதியையும் சேர்த்து வெட்டியிருந்தான். 18 மே 1986. என் கணக்கில் அன்று அவன் சிறையில்.

"ஏன்ரா அதைக் குடுத்தனீ?"

"நான் ஆர் எண்டு அவருக்குத் தெரியட்டும் எண்டுதான் அண்ணை."

வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டின கதை என்று திட்டினேன். பிறகு யோசித்தேன். எட்டு மாதமாக அவன் ஒரு கோப்பு எண். ஒரு சாப்பாட்டுக்கடையின் பின்பக்கத்தில் கோப்பை கழுவுகிற கை. நீ யார் என்று ஒருவர் கேட்டால் யார்தான் சும்மா இருப்பார்கள்?

5.

இரண்டாம் விசாரணைக்குக் கடிதம் வந்தது. இதில் தோற்றால் திருப்பி அனுப்புவார்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கினால் இந்த முறை காலோடு நிறுத்தமாட்டார்கள்.

மொழிபெயர்ப்பாளனாக என்னைக் கூட்டிப் போனான். மாதத்தை மாற்றியது நானென்று நானே சொன்னால் ஒருவேளை தப்புவான். ஆனால் நான் எழுதிய மற்ற முப்பத்தொரு கேஸையும் தோண்டுவார்கள். அந்த முப்பத்தொரு பேருக்காகத்தான் பயந்தேன் என்று இங்கே எழுதிப் பார்த்தேன். வாசிக்கக் கூசியது. என் கேஸும் அப்போது முடியாமல் கிடந்தது. எனக்காகத்தான் பயந்தேன்.

ரயிலில் அவன் சொன்னது ஒன்றுதான்: "நீங்கள் யோசியாதேங்கோ அண்ணை."

6.

அதிகாரி நேரே கேட்டார். நான் தமிழில் சொன்னேன்: "மே எண்டு சொல்லச் சொல்லி உமக்கு ஆர் சொல்லித் தந்தது?"

என் வாயாலேயே கேட்டேன். அவன் மேசையைப் பார்த்தபடி பதில் சொன்னான்.

"ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. நான்தான் பொய் சொன்னனான். பிடிச்சது ஒக்டோபரிலை."

அதிகாரி பேனாவோடு என் பக்கம் திரும்பினார்.

முடிவு அ: "எழுதியது நான்" என்கிறேன். முப்பத்தொரு கோப்புகளும் என்னுடையதும் திறக்கின்றன.

முடிவு ஆ: அவன் சொன்னதைச் சொல் பிசகாமல் ஆங்கிலத்தில் சொல்கிறேன். நேர்மையான மொழிபெயர்ப்பு, ஒருவரும் குறை பிடிக்க முடியாது. பொய்யன் என்று அவன் வாயாலேயே பதிவாகிறது.

முடிவு இ: நான்

(இல்லை. அப்படியொரு முடிவு இல்லை.)

நடந்ததை நான் எழுதப்போவதில்லை. என் நாற்காலியில் நீங்கள் இருங்கள். எந்த முடிவானாலும் மனதுக்குள் வைத்திருக்காமல் வாய்விட்டுச் சொல்லுங்கள், அதிகாரி காத்திருக்கிறார். யேசுரட்ணம் உங்களை நிமிர்ந்து பார்க்கமாட்டான். பார்த்தால் உங்களைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்று அவனுக்குப் பயம்.