மின்தடை 24

கனடாவில் குடியேறிவிட்ட ஊர்க்காரன் திலீபன் அங்கிருந்து கோயிலுக்கு அனுப்பிய மூன்று மின்சார இட்லிப் பானைகளில் முதலாவது, நான்கே நிமிடத்தில் புகைந்து செத்தது. மீதி இரண்டையும் பழைய இரும்பு லாரியில் ஏற்றச் சொன்னார் கோயில் தலைவர் சிவசாமி.

“வேணாம் மாமா. நான் பாக்குறேன்” என்றாள் புனிதா.

அவள் பக்கத்து ஊர் ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் வயர்மேன். கோயில் மண்டபத்தின் புது வயரிங்கை அவளுக்குத் தருவதா, தெங்கேராவிலிருந்து வரும் வெளியாளுக்கா என்று கமிட்டி ஒரு மாதமாக இழுத்துக்கொண்டிருந்தது.

“பொம்பளப் புள்ள சுவிட்ச் போர்டுல கை வெக்கறதா?”

“கரண்டுக்கு அதெல்லாம் தெரியாது மாமா. யாரு தொட்டாலும் ஒரே அடிதான்.”

சிவசாமிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். “இருபத்து நாலாம் தேதி திருவிழா. முன்னூறு பேருக்கு இட்லி. வெந்தா வயரிங் ஒனக்கு. இல்லன்னா தெங்கேரா ஆளுக்குலா.”

புனிதா பானையைக் கவிழ்த்து அடித்தகட்டைப் படித்தாள். 120 வோல்ட், 10 ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை 12 ஓம். இரண்டையும் பெருக்கினால் திறன் 1200 வாட். நம் மலாய் நாட்டுச் சுவரிலோ 240 வோல்ட். அதே 12 ஓமுக்குள் 20 ஆம்பியர் பாயும். 240-ஐ 20-ஆல் பெருக்கினால் 4800 வாட். வோல்ட் இரட்டிப்பு என்றால் சூடும் இரட்டிப்பு, சீக்கிரம் வேகும் என்று நினைத்தவர் சிவசாமி. ஏறியது நான்கு மடங்கு. பானை பாவம், என்ன செய்யும்?

இரண்டு பானைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால்? தடை 24. ஓடும் மின்சாரம் பத்தே ஆம்பியர். ஆளுக்கு 120 வோல்ட், அவை பிறந்த ஊரில் கிடைத்ததேதான்.

தமிழ்ப்பள்ளியில் படித்த சொல்லிலேயே சமையலறைப் பலகையில் பெரிதாக எழுதினாள்: ‘மின்தடை 24’. அடியில் இரண்டு கோடு இழுத்துவிட்டு, கேபிள் வாங்க டவுனுக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது அரிசி ஊறவைக்கும் அண்டாக்கள் காலியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. சமையல் பொறுப்பாளர் கருப்பாயி தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தார்.

“ஆமாலா, இருபத்து நாலு கரண்டே கெடையாதாம்! போர்டுல எழுதிப் போட்டிருக்கு. யாரும் அரிசி ஊற வெக்காதீங்க!”

பக்கத்தில் சிவசாமி கடைக்கு இட்லி ஆர்டர் கொடுக்க எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்.

“ஐயோ அக்கா, அது தேதி இல்ல! கரண்ட் போற தடையும் இல்ல, கரண்டுக்குக் குறுக்க நிக்கிற தடை. ரிந்தாங்கான்! இடைநிலைப் பள்ளியில மலாய்ல படிச்சோமே!”

“அந்த ரிந்தாங்கானா? அத எழுதித் தொலைக்கலாம்ல! தமிழ்ல எழுதி ஊரையே பட்டினி போடப் பாத்தியேடி!”

“பத்து நிமிஷம் குடுங்க மாமா. அப்புறம் போன் பண்ணுங்க.”

எர்த் கம்பியையும் பிரேக்கரையும் ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டு, இரண்டு பானைகளிலும் தண்ணீர் ஊற்றி, சுவிட்சைத் தட்டினாள். கேபிளைக் கவ்விய மீட்டர் பத்தில் நின்றது. சிவசாமி இரண்டடி பின்னால் போனார். புகை வரவில்லை. கொஞ்ச நேரத்தில் இரண்டு மூடிகளும் சேர்ந்து தடதடத்தன.

“கருப்பாயி,” என்றார் அவர், தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டபடி, “அரிசிய ஊறப் போடு.”

இருபத்து நாலாம் தேதி காலை, கடைசித் தட்டு இட்லி இறங்கியதும் சுவிட்ச் போர்டு சாவியைப் புனிதாவிடம் நீட்டினார்.

“வயரிங் ஒன்னோடது. ஆனா ஒண்ணு, போர்டுல எதையும் எழுதாத. வாயால சொல்லு.”