ஜன்னலைக் கண்டடைந்தவர்

மனித குலத்தின் வரலாறு என்பது கண்டடைதலின் வரலாறு. இருட்டுக் குகையில் முதல் தீப்பொறி. பாறையிடுக்கில் முதல் ஊற்று. பிறகு, சென்ற ஆனி மாதத்தில், தயிர்சோற்றில் மாதுளை.

மாதுளையைக் கண்டடைந்தவர் என் கணவர் தண்டபாணி. பத்தொன்பது வருடமாக நான் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் தின்றுகொண்டிருந்தார். ஆனியில்தான் கண்டடைந்தார்.

ஒவ்வொரு தமிழ் மாதமும் கடைசி நாளில் அவர் முகநூலில் எழுதுவார். 'தேடல் தண்டபாணி' என்ற பெயரில். 'இந்த மாதம் நான் கண்டடைந்த ஐந்து.' பதினோராயிரம் பேர் காத்திருப்பார்கள்.

எழுதும்போது மின்விசிறியை நிறுத்திவிடுவார். காற்றில் சிந்தனை கலையுமாம். வெளியே கோவைச் சாரல். உள்ளே புழுக்கம். கொலுசைக் கழற்றி வைத்துவிட்டு நான் நடப்பேன்.

ஆனி ஐந்தில் இரண்டாவது, ஒரே நாளில் ஜிப் மாற்றித் தரும் வடவள்ளி டைலர். என் கைப்பையின் ஜிப். மூன்றாவது, ஈரக்குடையைத் தலைகீழாக வாளியில் நிறுத்துவது. என் வாளி.

நாலாவது, தகரக் கூரையில் விழும் மழையைக் கண்மூடிக் கேட்பது. கண்ணை மூடியிருந்தார், ஒப்புக்கொள்கிறேன். கொடியில் துணி நனைந்துகொண்டிருந்தது. ஓடியவள் நான். ஐந்தாவதைப் படிக்கவில்லை.

போகட்டும். மாதுளை போகட்டும், வாளி போகட்டும். என்னிடம் ஒரு ஜன்னல் இருந்தது.

ராசாமணி அக்காவின் மாவு மில். மேற்குச் சுவர். மாலை நாலேகால். மேகம் விலகினால் வெயில் சாய்ந்து உள்ளே வரும். வரும் வழியில் மாவுத்தூசியைச் சந்திக்கும். அப்போது ஒளிக்கு உடம்பு வந்துவிடும்.

கூரையிலிருந்து தரைக்கு, நின்றபடியே பெய்யும் மழை. விழாத மழை. நனைக்காத மழை.

அதன் கீழே ஒரு முக்காலி. செவ்வாயும் சனியும் அரவைக்கு அரிசிப் போசியை வரிசையில் வைத்துவிட்டு அதில் உட்காருவேன். எப்போது போனாலும் காலியாக இருக்கும். எனக்காகவே காத்திருந்ததுபோல.

மெஷின் ஓடும்போது அங்கே பேச்சு கேட்காது. அதுதான் விசேஷம். சட்டை எங்கே, கண்ணாடி எங்கே, காபி எங்கே. எதுவும் கேட்காது. பத்து நிமிடம். புருவமெல்லாம் மாவு.

பதினோரு வருடம். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது அவருடையதாகிவிடும்.

ஆடியில் ஒரு சனிக்கிழமை. நல்ல சாரல். முக்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். மில் வாசலில் குடையோடு அவர். ஒரு கணம், ஒரே ஒரு கணம், மனசு இளகிவிட்டது. எனக்குக் குடை கொண்டுவந்திருக்கிறார்.

பீரோ சாவி கேட்க வந்திருந்தார்.

மேகம் அப்போது பார்த்து விலகியது. அந்த மேகத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவர் வாயைப் பிளந்தார். போனைத் தூக்கினார். என்னைப் பார்த்துக் கையசைத்தார். நானும் அசைத்தேன். தள்ளி உட்காரச் சொல்லியிருக்கிறார்.

ஆடி ஐந்தில் முதலாவது, என் ஜன்னல். 'எவரும் காணாத ஒளியை எளியதோர் அரவைக்கூடத்தில் கண்டடைந்தேன்.' கீழே மில்லின் முகவரி. மேலே படம். படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கை. எவரும் காணாத ஒளியில் அந்த முழங்கை யாருடையது என்று பதினோராயிரம் பேரில் ஒருவரும் கேட்கவில்லை.

"ஏனுங்க, அது என்ற எடமுங்க" என்றேன்.

"எடம் ராசாமணியோடது. வெளிச்சம் சூரியனோடது. நாங் கண்டடைஞ்சேன், அவ்வளவுதான். இதுல உன்றது எங்க வந்துச்சு வசந்தாமணி?"

"அந்த முழங்கை என்றதுங்க."

"வெட்டித்தான் போட்டேன்" என்றார் வருத்தத்தோடு. "கொஞ்சம் தங்கிருச்சு."

அன்று தயிர்சோற்றில் மாதுளை போடவில்லை. அவர் கவனிக்கவில்லை. கோபத்தை இவ்வளவு சிக்கனமாகச் செலவழித்தால் யார்தான் கவனிப்பார்கள்.

ஆவணி பிறந்தது. வெயில் துலங்கியது. வந்தார்கள். கேமராவோடு வந்தார்கள், பட்டுச்சேலையோடு வந்தார்கள். அரிசி இல்லாமல், ராகி இல்லாமல், வெறுங்கையோடு வந்தார்கள்.

சும்மா மெஷினை ஓட்டச் சொன்னார்கள். தூசி போதவில்லை என்றார்கள். முக்காலியில் மாறி மாறி உட்கார்ந்து, மோவாயைத் தூக்கி, ஒளியை வாங்கிக்கொண்டார்கள். நான் போசியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். மூன்று வாரம் நின்றேன்.

நாலாவது செவ்வாய்க்கிழமை ராசாமணி அக்கா என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார்.

"ஏனம்மிணி, உன்ற ஊட்டுக்காரரு என்ன கெரகத்த எழுதிப் போட்டாரு? ஒருத்தி வந்து ரெண்டு கை மாவ அள்ளி மேல எறியச் சொல்றா. நான் ராகி அரைக்கறதா, இவிங்க கூத்தப் பாக்கறதா? வர்ற ஞாயித்துக்கெழம தகரம் அடிச்சு அந்தச் சன்னல மூடிப்போடறேன்."

ஞாயிறு. என் ஜன்னலுக்கு ஐந்து நாள் ஆயுள்.

கோபம் என்றால் கத்துவது என்று நினைத்திருந்தேன். இல்லை. வீட்டுக்கு வந்து காபியை ஆற்றி, நுரையோடு, பதமாக நீட்டினேன்.

"ஏனுங்க, நீங்க பாத்தது வெள்ளை வெளிச்சமுங்க. வியாழக்கெழம போனீங்கன்னா செவப்பா இருக்கும்."

போனைக் கீழே வைத்தார். "செவப்பாவா?"

"குங்குமமாட்டங்க."

வியாழக்கிழமை மிளகாய் அரவை. மிளகாய் மெஷின் அந்த ஜன்னலடியில்தான். எங்கள் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். தெருநாய்க்குத் தெரியும், அன்றைக்கு அது அடுத்த தெருவில் போய்ப் படுக்கும். தெரியாதவர் ஒருவர்தான். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் ஒரு நாள்கூட அரவைக்குப் போகாதவர்.

'செவ்வொளி. வியாழன், நாலேகால். நானே அழைத்துச் செல்கிறேன்' என்று எழுதினார். பதினான்கு பேர் வந்தார்கள். எல்லோரும் மிளகாய்த்தூளைப் பாக்கெட்டில் மட்டுமே பார்த்தவர்கள்.

எதிரே டீக்கடை ஓரத்தில் நான் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நின்றேன். வெயில் சாய்ந்தது. ஜன்னல் சிவந்தது. நான் பொய் சொல்லவில்லை, குங்குமமேதான். நடுவில் போய் நின்று கைகளை விரித்தார். ஏதோ பெரிதாகச் சொல்லப் போனார். அதற்கு மூச்சை இழுக்க வேண்டியிருந்தது.

முதல் தும்மல் அவருடையது. பிறகு எண்ண முடியவில்லை. பட்டுச்சேலை ஓடியது. கேமரா ஓடியது. தேடல் தண்டபாணி சுவரைத் தடவித் தடவி வாசலைத் தேடினார். கண்டடைய வெகுநேரமானது.

ராசாமணி அக்கா மட்டும் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, மெஷின் பக்கத்தில் நின்றபடி, மிளகாயைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை நான் மில்லுக்குப் போகவில்லை. அவர் கண்ணுக்குப் பன்னீர் ஒற்றிக்கொண்டிருந்தேன். படம் பிடிக்கவும் யாரும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை தகரம் அடிக்கப்படவில்லை.

செவ்வாயோடு ஆவணி முடிந்தது. மின்விசிறி நின்றது. ஆவணி ஐந்தில் முதலாவது, கண்ணீர். 'ஓர் ஆண் அழலாம் என்பதைக் கண்டடைந்தேன்.' மூவாயிரம் பேர் உருகினார்கள். தங்களுக்கும் கண் கலங்கியதாக எழுதினார்கள்.

போகச் சொன்னதும் நான். அழவைத்ததும் நான். என் கோபத்தையும் அவர் எடுத்துக்கொண்டுவிட்டார்.

போசியைத் தூக்கிக்கொண்டு மில்லுக்கு நடந்தேன். வேகமாக நடந்தேன். உள்ளே ஒரு ஈ காக்கை இல்லை. முக்காலி காலியாக இருந்தது. எனக்காகவே காத்திருந்ததுபோல. உட்கார்ந்தேன்.

"அக்கா, என்ற சன்னல் பொழச்சுக்கிச்சு!"

ராசாமணி அக்கா மாவுக் கையை உதறினார். "உன்ற சன்னலா?" என்று சிரித்தார். "பொழுதுக்கும் நிக்கறமே, நாலேகாலுக்குச் செத்த நேரம் வெயில்ல உக்காரலாம்னு நாம்போட்ட முக்காலி அம்மிணி அது. நீ ஒருநா காலு நோவுதுன்னு உக்காந்தே. செரி, உக்காரட்டும்னு உட்டுட்டேன்."

சொல்லிவிட்டு மெஷினைப் போட்டார். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

நாலேகால். மேகம் விலகியது. கூரையிலிருந்து தரைக்கு, நின்றபடியே பெய்யும் மழை. விழாத மழை. நனைக்காத மழை. மழைக்கு அந்தப் பக்கம், பதினோரு வருடமாக நிற்கிற இடத்தில், அக்கா நின்றுகொண்டிருந்தார்.

நான் எழுந்திருக்கவில்லை.