பதிதர் வீட்டுப் பெண்

ஜெரோமைக் கட்டிக்கொள்வதற்காகப் பெற்ற அப்பாவையே பட்டினி கிடந்து மிரட்டியவள் ஜெமிமா. அப்பா வேதமாணிக்கம் அடையாறில் சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டன்ட் சபைக் கோயிலின் பாட்டுக்குழுத் தலைவர். கத்தோலிக்கரை ‘பாப்பு மார்க்கத்தார்’ என்றுதான் சொல்வார். ரோமாபுரிப் பாப்பரசரின் ஆட்கள் என்று பழைய பாதிரிமார் இளக்காரமாகச் சொன்ன பெயர் அது. ஜெரோமின் கத்தோலிக்கப் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? பாப்பரசரை விட்டுப் போனவர்கள் வழிதவறி விழுந்தவர்களாம், அதனால் ‘பதிதர்’ என்றார்கள்.

மகளுக்காகக் கிழவர் நாக்கைக் கட்டிக்கொண்டார். ஜெரோமும் வாக்குக் கொடுத்திருந்தான்: அவள் கோயில் அவளுக்கு, அவன் கோயில் அவனுக்கு, வீட்டில் எல்லாம் பேசியாகிவிட்டது. அசட்டுப் பெண், முழுசாக நம்பினாள்.

மயிலாப்பூரில் அவனுடைய கோயிலில் முதல் ஓலை வாசித்த ஞாயிறன்று அவளும் ஆசையாகப் போனாள். ஓலை என்பது கல்யாண அறிவிப்பு. பூசையில் இருவர் பெயரையும் வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்லலாம் என்பார்கள். தன் பெயரைக் கேட்டு அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

பூசை முடிந்ததும் ஜெரோமின் அம்மா சலேத்மேரி அவளை ஓர் உறவுக்காரியிடம் காட்டினாள்.

“பதிதர் வூட்டுப் பொண்ணுதான். கல்யாணத்துக்கு முன்னாடி நம்ம வேதத்துக்கு வந்துடும். ஜெரோம் அன்னிக்கே சொல்லிட்டான், அதான் நான் ஒத்துக்கினேன்.”

ஜெமிமா அவனைப் பார்த்தாள். அவன் பைக் சாவியைத் தேட ஆரம்பித்தான். தனியாக இழுத்துக் கேட்டபோதும் அவன் மறுக்கவில்லை.

“அம்மாவ சமாளிக்கத்தான் சொன்னேன். அப்பால பாத்துக்கலாம்னு இருந்தேன். எல்லாம் ஒரே ஏசுதானே?”

பதிதர் என்ற பெயர்கூட அவளுக்குப் பெரிதாக வலிக்கவில்லை. பழைய ஆட்களின் பழைய வாய், போகட்டும். ஆனால் இவன்? இவனுக்காக அவள் அங்கே அப்பாவின் வாயைக் கட்டிக்கொண்டிருந்த நாட்களில், இவன் இங்கே அவளைக் கேட்காமலே அவள் கோயிலைத் தாரைவார்த்துவிட்டு வந்து, அவளிடம் சிரித்துப் பேசியிருக்கிறான். எப்பேர்ப்பட்ட ஏமாளியாகிவிட்டோம் என்று நினைக்க நினைக்க அவளுக்கு அழுகை வந்தது.

அழுது முடிக்கும்வரை அவள் காத்திருக்கவில்லை. பூசை உடுப்பைக் கழற்றிக்கொண்டிருந்த சாமியாரிடம் நேரே போய் நின்றாள்.

“ஃபாதர், இன்னிக்கு வாசிச்ச ஓலைக்குத் தடை இருக்கு.”

அவர் நிதானமாக, யார் சொல்லி அனுப்பினார்கள் என்று கேட்டார்.

“யாரும் அனுப்பல ஃபாதர். அந்தப் பொண்ணே நான்தான்.”