பன்னிரண்டு முறை பட்டுப்போன நொச்சி

நடுவதற்கு ஒடித்து வாங்கிப்போன பன்னிரண்டாவது நொச்சிப் போத்தும் பட்டுப்போயிற்று என்று ஐயாசாமி வாசற்படியில் நின்று தலையைச் சொறிந்தபோது, லோகப்பிரியாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர்மீது அல்ல, நொச்சியின்மீது.

"தண்ணி ஊத்துனீங்களா?"

"ஊத்துனனுங்க."

"ஒருவேளை ரொம்ப ஊத்திப்போட்டீங்களோ?"

"அப்படியும் இருக்குமுங்க."

"வெயில்ல வெச்சீங்களா, நெழல்ல வெச்சீங்களா?"

"ரெண்டுலயும் வெச்சுப் பாத்தனுங்க," என்று சொல்லிவிட்டு அவர் பலமாகத் தும்மினார். "நேத்து நார் மில்லுல ஒரே தூசிங்க. இன்னைக்கும் ஒரு கைப்பிடி தழை கெடைக்குங்களா?"

கிணத்துக்கடவுப் பக்கம் தென்னைநார்த் தூசிக்குப் பஞ்சமில்லை. தூசி இருக்கும் இடத்தில் தும்மல் இருக்கும். தும்மல் உள்ளவர் நொச்சித் தழை தேடி லோகப்பிரியாவின் வேலிக்கு வருவார். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அவளை வியக்கவைத்தது செடியின் சாவு. ஒடித்து வேலியோரம் வீசினாலும் வேர்பிடிக்கிற செடி நொச்சி. ஆடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும். வெட்டினால் வெட்டிய இடத்தில் இரண்டாகக் கிளைக்கும். மழை பொய்த்த ஆண்டிலும் ஊதா நிறத்தில் பூத்து நின்று, பக்கத்தில் போகிறவன் மூக்கில் கற்பூரமும் மிளகும் சேர்த்து இடித்த நெடியை ஏற்றி அனுப்பும். அப்பேர்ப்பட்ட செடி ஒரு மனிதர் கையில் பன்னிரண்டு முறை உயிர்விடுமானால், அந்தக் கையை என்னவென்று சொல்வது?

தழையை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு ஐயாசாமி மொபெட்டில் ஏறிப் போனார். தெருமுனை திரும்பும்வரை லோகப்பிரியா வேலியோரமே நின்றாள். உள்ளே தையல் இயந்திரத்தின் ஓசை நின்றது.

"யக்கா," என்றாள் நஃபீசா. காய்ந்த நொச்சியிலையை அடைத்துத் தலையணை தைத்து விற்பதில் அவளும் லோகப்பிரியாவும் கூட்டாளிகள். "செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வர்ற சளிய நான் இப்பத்தான் பாக்குறேன்."

"தூசிடி அது."

"ஓஹோ. மத்த நாள்ல தூசிக்கு லீவாக்கா? சரி, அது கெடக்கட்டும். இன்னைக்கு நீங்க ரெண்டு தடவ தல சீவுனீங்களே, அதுவும் தூசியாலயா?"

லோகப்பிரியா கையிலிருந்த நொச்சிக் கொத்தை அவள்மேல் வீசினாள். இருவரும் சிரித்தார்கள். ஆனால் சிரிப்பு அடங்கியபின் அவள் நெஞ்சில் ஒன்று அடங்காமல் துள்ளிக்கொண்டே இருந்தது. நாற்பத்திரண்டு வயதில் நெஞ்சு இப்படித் துள்ளலாமா? துள்ளக் கூடாது என்று சட்டம் எழுதியவர் யார்? எழுதியவர் பெயர் தெரியாது. ஆனால் காவல் காப்பவரை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவர் அடுத்த தெருவில் இருந்தார். இறந்துபோன கணவரின் அண்ணன், அங்கப்பன்.

அங்கப்பன் கெட்டவர் அல்லர். அதுதான் பெரிய தொல்லை. கொங்கு மண்ணில் கொடுமைகூட மரியாதையோடுதான் வாசலில் வந்து நிற்கும். தம்பி இறந்த இந்த ஆறு ஆண்டுகளில் அவர் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. "அம்மணி, சீர் நடக்கையில நீங்க உள்ளார இருந்துக்குங்க" என்பார். "அம்மணி, பொண்ணழைக்கப் போறோம், நீங்க கொஞ்சம் எதுக்க வராம இருங்க" என்பார். குழந்தை இல்லாத அவளுக்கு ஊரில் எல்லாப் பந்தியிலும் இலை உண்டு. எந்த மேடையிலும் இடமில்லை. அவர் ‘இருங்க’ என்பார், அவளும் ‘சரிங்க’ என்பாள். இப்படி இரண்டு மரியாதைகளுக்கு நடுவே ஒரு பெண்ணின் வாழ்நாள் நசுங்கிக் கிடந்தது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. நாற்பது கடந்தும் மணமாகாத ஆண்பிள்ளைகள் தோட்டத்துக்கு ஒருவராக இருக்கும் சீமை இது. பெண் கிடைக்கவில்லை, பெண் கிடைக்கவில்லை என்று தரகர்கள் பாலக்காடு தாண்டியும் போய்த் தேடுகிறார்கள். அடுத்த தெருவில் ஒரு பெண் நொச்சி வளர்த்துக்கொண்டு உயிரோடு நிற்பது அவர்கள் கண்ணில் படுவதில்லை. நாற்பத்தேழு வயது ஐயாசாமிக்கும் அப்படித்தான் பதினெட்டு ஆண்டுகள் பெண் தேடிக் களைத்து, அவருடைய அத்தைமார் போன வருடம் கைவிட்டார்கள்.

"நஃபீசா, வண்டிய எடு," என்றாள் லோகப்பிரியா திடீரென்று.

"எங்கக்கா?"

"அவருங்க தோட்டத்துக்கு. நானே குழி வெட்டி நானே நட்டுக் குடுத்துட்டு வாரேன். பதிமூணாவதும் சாகுதான்னு பாக்குறேன்."

ஈரச்சாக்கில் சுற்றிய ஐந்து போத்துகளை மடியிலும், கடப்பாரையைத் தோளிலும் வைத்துக்கொண்டு அவள் பின்னால் அமர, நஃபீசாவின் ஸ்கூட்டர் பறந்தது. எதிரே வந்த பால்காரர் கடப்பாரையைக் கண்டு வண்டியை ஓரங்கட்டினார். "ஏனுங்கம்மணி, யாரு மண்டைய ஒடைக்கப் போறீங்க?" என்று கேட்டார். "செடி நடப் போறனுங்க!" என்று அவள் காற்றில் கத்தினாள். இவ்வளவு உரக்கக் கத்தி எத்தனை நாளாயிற்று என்று நினைத்ததும், காரணமே இல்லாமல் இன்னொரு முறையும் கத்தினாள்.

ஐயாசாமியின் தோட்டத்து முகப்பில் ஸ்கூட்டர் நின்றது. லோகப்பிரியா இறங்கவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

நான்கு ஏக்கர் தோப்பு. நான்கு பக்கமும் வேலி. நான்கு பக்க வேலியும் நொச்சி! ஆள் உயரத்துக்கு, இருபது ஆண்டு முதிர்ந்த, அடித்தண்டு தொடைபோலப் பருத்த, பூத்துப் பூத்து ஊதா மேகம் போலப் படர்ந்த நொச்சி. காற்று அசைந்தால் அந்த நெடியில் ஊர் முழுவதற்கும் மூக்கடைப்பு விட்டுப்போகும். அந்தப் பெருவேலியின் நடுவே, அரிவாளோடு தழை கழித்துக்கொண்டிருந்தவர் சாட்சாத் ஐயாசாமிதான். ஒரு தும்மல்கூட இல்லை.

"யாரக்கா இது," என்றாள் நஃபீசா பக்தியோடு. "கைப்பிடித் தழைக்கு ஆறு கிலோமீட்டர் வந்த மனுசனா?"

ஐயாசாமி திரும்பினார். அவளைப் பார்த்தார். கடப்பாரையையும் பார்த்தார். அரிவாளைக் கீழே போட்டார், பிறகு எடுத்தார், மீண்டும் போட்டார்.

"வாங்க, வாங்க," என்றார். திருடனைப் பிடிக்க வந்தவர்களைக்கூட அப்படித்தான் வரவேற்பார்கள் அந்தச் சீமையில். "எளநி குடிக்கிறீங்களா?"

"எளநி இருக்கட்டுமுங்க. இது என்னங்க?"

"நொச்சிங்க."

"அது எனக்கும் தெரியுதுங்க. அப்ப நான் குடுத்த போத்தெல்லாம் எங்கீங்க?"

அவர் முன்னால் நடந்தார். இருவரும் பின்தொடர்ந்தார்கள். கிணற்றுமேட்டில், மற்றெதுவும் நெருங்காதபடி கல் அடுக்கிய ஒரு தனிப் பாத்தி. அதில் ஒரே வரிசையில் பன்னிரண்டு இளஞ்செடிகள். முதற்செடி இடுப்பளவு, கடைசிச் செடியில் அன்றுதான் முளைவிட்டிருந்த இரண்டு இலைகள். ஒன்றும் பட்டுப்போகவில்லை. ஒன்றின் இலைகூட வாடவில்லை.

"நல்லாத்தானுங்க வந்துச்சு," என்றார் ஐயாசாமி தரையைப் பார்த்து. "மொத தடவ நெசமாலுமே சளிங்க. உங்க ஊட்டு வழியா வந்தேன், கேட்டேன், குடுத்தீங்க. குடுத்துட்டு, ‘ஒரு போத்தும் கொண்டு போயி வெச்சுக்குங்க’ன்னீங்க. எங்கூட்ல நாலேக்கர் வேலி இருக்குதுன்னு எப்படீங்க சொல்றது? மரியாதையா இருக்குமுங்களா? வாங்கிக்கிட்டேன். வேரு புடிச்சுருச்சுன்னு சொன்னா, அப்புறம் எதுக்குங்க நான் உங்க ஊட்டுக்கு வாரது? அதனால பட்டுப்போச்சுன்னு சொல்லிப்போட்டேன். நீங்க மறுபடியும் குடுத்தீங்க."

"தும்மல்?"

"அது பழகிக்கிட்டதுங்க. ஆறு கிலோமீட்டரும் தும்மிக்கிட்டே வருவனுங்க."

நஃபீசா கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். லோகப்பிரியா சிரிக்கத் தொடங்கினாள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு பொத்தாமல் சிரித்தாள். கடப்பாரையை நட்டு அதன்மேல் சாய்ந்து, தோப்புத் தென்னைகள் எல்லாம் தட்டாமாலை சுற்றுவதுபோலத் தலை கிறுகிறுக்கச் சிரித்தாள். ஆறு ஆண்டுகள் உள்ளறையில் அடைத்துவைத்த சிரிப்பு அத்தனையும் அன்று வெளியே வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அப்ப கேக்க வேண்டியதக் கேளுங்க."

"நீங்களே சொல்லுங்க."

"இல்லீங்க, நீங்க கேளுங்க."

"பரவால்லீங்க, நீங்க மொதல்ல..."

"யா அல்லா!" என்று நஃபீசா கத்தினாள். "பொழுது போயிரும்! கட்டிக்கிறீங்களா இல்லியா, ரெண்டு பேரும்?"

"கட்டிக்கிறனுங்க," என்றார்கள் இருவரும், ஒருவரையொருவர் பார்க்காமல், ஒரே நேரத்தில்.

அங்கே முடிந்துவிட்டதா? இல்லை. தோப்புக்குள் சொன்ன சொல்லை ஊருக்குள் சொல்லியாக வேண்டும். ஒளித்துச் செய்தால் அது குற்றம்போல் ஆகிவிடும். தான் செய்வது குற்றமில்லை என்பதில் லோகப்பிரியா உறுதியாக இருந்தாள். அங்கப்பனிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் வாக்கியம் வாக்கியமாகக் கட்டினாள், இடித்தாள். ஞாயிற்றுக்கிழமை அவரே வந்து நின்றார். மூக்கு செக்கச்செவேல் என்றிருந்தது.

"அம்மணி, மண்ட வெடிக்குதுங்க. கொஞ்சம் ஆவி புடிக்கோணும்."

அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. இரண்டு கை நொச்சியும் ஒரு துண்டு மஞ்சளும் போட்டு, ஸ்டூலில் வைத்து, அங்கப்பனை முன்னால் உட்காரவைத்து, தடித்த கம்பளியால் தலையோடு மூடினாள். உள்ளே அவர் ‘ஆஹா’ என்றார். அந்தக் கணத்தில் அவளுக்கு உதித்தது: இவர் இப்போது எழுந்து போக முடியாது. வேர்வையோடு பாதியில் காற்றில் வரக்கூடாது என்று ஊருக்கே உபதேசம் செய்பவர் இவர்தான். பத்து நிமிடத்துக்கு என் சொல் கேட்கப்படும்!

"மாமா," என்றாள் கம்பளியிடம். "நான் ஐயாசாமியக் கல்யாணம் பண்ணிக்கப் போறனுங்க."

கம்பளி அசையவில்லை. ஆவி மட்டும் ஓரமாகக் கசிந்தது.

"அம்மணி," என்றது கம்பளி. "ஊரு என்னங்க சொல்லும்?"

"ஊரு ஆறு வருசமா எங்கிட்ட ‘உள்ளார இருங்க’ன்னு சொல்லிட்டுத்தானுங்க இருக்குது. இன்னும் புதுசா என்ன சொல்லிரும்?"

"நான் அப்படிச் சொன்னது உங்களுக்கு ஒரு கொறையும் வந்தரக்கூடாதுன்னுதானுங்க..."

"தெரியுமுங்க மாமா. நல்லா மூச்சை இழுத்து உடுங்க. கொறை வந்துருச்சுங்க. சீர் நடக்கறப்ப நான் கதவுக்குப் பின்னால நிக்கறனே, அதுதானுங்க கொறை. உங்ககிட்ட உத்தரவு கேக்கலீங்க, மரியாதைக்குச் சொல்றேன். கல்யாணத்துக்கு நீங்க வரோணும்."

பத்திரிகை நீட்டி ‘வரோணும்’ என்று ஒருவர் அழைத்தால், பகையாளியானாலும் ஒரே பதில்தான் அந்தச் சீமையில் நாக்குக்குத் தெரியும். அங்கப்பனின் நாக்கு அவருடைய மூளையைக் கேட்கவில்லை.

"கண்டிப்பா வந்தர்றனுங்க," என்றார். சொன்னபின்தான் என்ன சொன்னோம் என்று விளங்கிற்று. கம்பளிக்குள் ஒரு பெருமூச்சு எழுந்தது. ஆனால் அங்கப்பன் சொன்ன சொல்லைத் திருப்பி வாங்கும் குடும்பத்தில் பிறந்தவர் அல்லர். அடுக்களைக்குள் நஃபீசா வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள்.

கம்பளி மெல்ல விலகியது. வேர்வை வழிய, மூக்கடைப்பு நீங்கிய ஒரு சிவந்த முகம் லோகப்பிரியாவை ஏறிட்டுப் பார்த்தது. எதிரே வராதே என்று ஆறு ஆண்டுகள் ஒதுக்கிய முகத்தை அவர் நேருக்கு நேர் பார்த்தது அன்றுதான்.

"என்னைக்குங்க கல்யாணம்?"

தேதியைப் பற்றி அவள் நினைத்தே பார்க்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னாள்: "வர்ற பத்தொம்பதாந் தேதிங்க."

அங்கப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் புரட்டினார். அவர் முகம் சுருங்கியது.

"அன்னைக்கு அஷ்டமியுங்களே அம்மணி. ஒருத்தரும் கல்யாணம் வைக்க மாட்டாங்களே."

"நெசமாலுங்களா மாமா?" என்றாள் லோகப்பிரியா, கைகொட்டிக் குதிக்காத குறையாக. "அப்ப கிணத்துக்கடவுல இருக்கற எல்லா மண்டபமும் காலியாத்தானுங்க இருக்கும்! எது பெருசுன்னு சொல்லுங்க, போயி நம்ம பேருக்கு எழுதிப்போட்டு வந்தர்றேன்."