ஆயில் பிரஷர் பற்றி இரண்டு வரி

1

சனிக்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்கு முள் பூஜ்யத்தில் விழுந்தது.

இது நான்காவது முதல் வரி. முந்தைய மூன்றையும் அடித்துவிட்டேன். ஒன்றில் மழை பெய்தது. சனிக்கிழமை மழை இல்லை.

என்னிடம் கேட்டது கதை அல்ல, கடிதம். என் அக்காவின் கணவர், அதாவது அத்தான், ஒரு பேருந்து நிறுவனத்தில் நிர்வாகி. அங்கே பணிமனைக்குத் தலைமை மெக்கானிக் தேவை. விண்ணப்பித்த ஒருவரைச் சிபாரிசு செய்வதாக அத்தான் வாக்குக் கொடுத்திருந்தார். இப்போது செய்வதில்லை என்று முடிவு. அதை மேலிடத்துக்கு எழுத வேண்டும், திங்கள் காலை பத்து மணிக்குள்.

"மச்சான், நீதான் ஒரு வரியை அஞ்சு தடவை அடிச்சு எழுதறவன். சண்டை வராத மாதிரி, நறுக்குன்னு ரெண்டே வரி எழுதிக் குடு."

இன்று ஞாயிறு. கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. அந்தத் தாளில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

அத்தானின் கார் அவருடைய கல்யாணத்தைவிட ஒன்பது வயது மூத்தது. "அதுக்குக் காய்ச்சல்னா இவருக்கு வாந்தி வரும்" என்பாள் அக்கா. [கதைக்குத் தேவையில்லாத வரி. அக்காவை உள்ளே கொண்டுவர வேறு வழி தெரியவில்லை.]

அதன் எஞ்சின் விரிசல் விட்டுவிட்டது. அதே ரகத்தில், பத்து வருடம் இளைய வண்டியின் எஞ்சின் ஒன்றை அத்தான் தேடிப் பிடித்தார். அதை மாற்றிப் பொருத்தியவர் காதுக்காரர். நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சினிலும் கைப்பிடியைக் காதிலும் வைத்து நோய் கேட்பவர் என்பதால் அந்தப் பெயர். பத்தொன்பது வருடமாக ஒரே ஷெட். மூன்று வாரத்தில் அதை இடிக்கிறார்கள். ஐம்பத்து மூன்று வயதில் அவர் அந்தப் பணிமனை வேலைக்கு விண்ணப்பம் போட்டது அதனால்தான்.

பதினோரு நாள் கார் நன்றாக ஓடியது. பன்னிரண்டாம் நாள், நானும் அத்தானும் சிக்னலில் நிற்கும்போது, ஆயில் பிரஷர் காட்டும் முள், களைத்துப்போன ஒரு

(இங்கே ஓர் உவமை வர இருந்தது. முள் விழுந்தது. அவ்வளவுதான்.)

3

உலோகம் உலோகத்தோடு உரசாமல் நடுவில் நிற்பது ஆயில். அதைத் தள்ளி அனுப்ப அழுத்தம் இல்லையென்றால் எஞ்சினுக்குச் சில நிமிட ஆயுள். அத்தான் உடனே எஞ்சினை அணைத்தார். அதற்காக அவரைப் பாராட்டிவிடுகிறேன். இந்தக் கதையில் மறுபடி வாய்ப்புக் கிடைக்காது.

ஷெட்டுக்குக் கட்டி இழுத்துப் போனோம்.

"ஆயில் ஃபுல்லா இருக்கு. ஒழுகவும் இல்ல" என்றார் அத்தான். "இந்த முள்ளு பொய் சொல்லுது."

"கேட்டுடலாம் சார்."

காதுக்காரர் தன்னுடைய மீட்டர் ஒன்றை எடுத்து நேராக எஞ்சினிலேயே திருகினார். ஐந்து விநாடி ஸ்டார்ட் செய்யச் சொன்னார். அந்த முள்ளும் எழவில்லை.

"ரெண்டு சாட்சியும் ஒரே மாதிரி சொல்லுது சார்."

ஆயில் ஃபில்டரை மாற்றினார். மாற்றமில்லை. மிச்சம் இருந்தது சம்ப், எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கி நிற்கும் தட்டு. பம்ப் அங்கிருந்துதான் ஒரு குழாயால் ஆயிலை உறிஞ்சும். குழாயின் வாயில் ஒரு கம்பிவலை.

தட்டைக் கழற்றினார். வலை அடைத்திருந்தது.

4

எதனால் அடைத்தது என்பதில்தான் எனக்குச் சிக்கல்.

முதல் பிரதியில் காதுக்காரர் அசட்டையானவர். போனில் பேசிக்கொண்டே போல்ட் முடுக்குவார். தரையில் கிடந்த துணியால் எல்லாவற்றையும் துடைப்பார். நன்றாக வந்திருந்தார், குற்றவாளி என்று எவரும் நம்பும்படி. ஒரே குறை, அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

இரண்டாம் பிரதியில் எஞ்சின் வரும்போதே உள்ளே கசடு. யார்மீதும் தவறில்லை, விதி. எழுதச் சோம்பல்படுகிறவன் வைத்துக்கொள்ளும் மெக்கானிக்தான் விதி.

மூன்றாம் பிரதியில் உண்மையை எழுதினேன். வலையில் இருந்தவை சிவப்புத் துண்டுகள், ரப்பர் போல, மண்புழு நீளத்தில். கேஸ்கெட் பேஸ்ட். ஆயில் கசியாமல் இருக்க, சம்ப்பின் விளிம்பில் பூசி எஞ்சினோடு சேர்த்து முடுக்குவார்கள். அதிகமாகப் பூசினால் இரு பக்கமும் பிதுங்கும். வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரியும். உள்ளே பிதுங்குவது காய்ந்து, பிய்ந்து, ஆயிலில் மிதந்து, ஒருநாள் வலையில் போய் ஒட்டிக்கொள்ளும்.

பூசியது யார் என்ற இடத்தில் மூன்றாம் பிரதி நின்றுவிட்டது.

5

பூசியது நான்.

எஞ்சின் மாற்றிய அன்று வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். எழுத ஏதாவது கிடைக்கும் என்று. காதுக்காரர் காருக்கு அடியில் படுத்திருந்தார்.

"தம்பி, சும்மா நிக்கறதுக்கு அந்த விளிம்புல பேஸ்ட் பூசிக் குடுங்க. பேனாவால கோடு போடற மாதிரி, மெல்லிசா. உங்களுக்குச் சொல்லித் தரணுமா என்ன?"

சொல்லித் தந்திருக்கலாம்.*

வெளியே கசிந்துவிடுமோ என்று பயம். பூசிய இடத்திலேயே மறுபடி பூசினேன். டியூபைச் சுருட்டிச் சுருட்டிக் கடைசிச் சொட்டுவரை பிதுக்கினேன். அவர் தட்டுக்காக அடியிலிருந்து கையை நீட்டினார். கொடுத்தேன். பார்க்காமலே மாட்டி முடுக்கினார். வெளியே வழிந்ததை நானே துணியால் துடைத்து வழித்தேன். விளிம்பு புதிது போல இருந்தது.

"நறுவிசா இருக்கே தம்பி!" என்றார், வெளியே வந்து பார்த்து.

* என் கதைகளில் பெயரடைகள் குறைவு. ஒரு பத்தி எழுதினால் பாதியை வெட்டுவேன். விமர்சகர் ஒருவர் என்னைக் 'கஞ்சன்' என்று பாராட்டியிருக்கிறார். இதைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. வெட்டவும் மனமில்லை.

6

சனிக்கிழமைக்குத் திரும்புவோம். காதுக்காரர் வலையிலிருந்து ஒவ்வொரு துண்டாக உருவி, செய்தித்தாளில் வரிசையாக வைத்தார்.

"இது என்னய்யா?" என்றார் அத்தான்.

"பேஸ்ட் சார். உள்ள பிதுங்கியிருக்கு."

"இப்படியா பூசுவாங்க? யார் செஞ்ச வேலை இது?"

"என் ஷெட்ல நடந்ததுக்கு நான்தான் சார். பாக்காம மாட்டிட்டேன்."

அவர் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் சொல்லியிருப்பேன். [இந்த வாக்கியத்தை ஆறு முறை வெட்டியாகிவிட்டது. ஆறு முறையும் திரும்ப வந்துவிட்டது.]

பாத்திரம் என்ற முறையில் எனக்கு அவர்மேல் சந்தேகம் உண்டு. கேட்காமலே பழியை வாங்கிக்கொள்கிற ஆளைக் கதையில் வைத்தால் 'நம்பும்படியா இல்லையே' என்று பதிப்பாசிரியர் திருப்பி அனுப்புவார். பழி தன்மேல் வராமல் பக்கத்தில் நிற்கிறவனை வைத்தால் ஒரு திருத்தமும் கேட்க மாட்டார்.

பேருந்தில் வீட்டுக்கு வரும்போது அத்தான் பொரிந்தார்.

"பேஸ்ட் பூசத் தெரியாத ஆள்கிட்ட நாப்பது பஸ்ஸை எப்படி மச்சான் ஒப்படைக்கறது? நாளைக்கு ஒண்ணு நடந்தா நான்தானே பதில் சொல்லணும்?"

"அப்போ காரை வேற இடத்துல விட்டுடலாமா?"

"விளையாடறியா? அந்த ஆளைத் தவிர வேற ஒருத்தன் கை அதுல படக் கூடாது."

7

முடிவுகள் கைவசம் மூன்று.

முதலாவதில் அத்தானிடம் உண்மையைச் சொல்கிறேன். "நீயா?" என்று சிரிக்கிறார். அக்கா இன்னும் பலமாகச் சிரிக்கிறாள். இனி ஆயுளுக்கும் இந்த வீட்டில் எவரும் என்னிடம் பசை டப்பாகூடக் கொடுக்க மாட்டார்கள். காதுக்காரருக்கு வேலை கிடைக்கிறது. நல்ல முடிவு. நான் இருப்பதும் அவர்கள் வீட்டில்தான்; அத்தானின் அறை என் அறையிலிருந்து பதினான்கு அடி. காலையிலிருந்து இரண்டு முறை போய், இரண்டு முறையும் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

இரண்டாவதில் கடிதத்தை எழுதுகிறேன். 'விண்ணப்பதாரரின் வேலையில் கவனக்குறைவு தெரியவந்துள்ளது. எனவே சிபாரிசு செய்ய இயலவில்லை.' இரண்டே வரி. பெயரடை இல்லை. என் எழுத்திலேயே மிகக் கச்சிதமானது இதுவாகத்தான் இருக்கும்.

மூன்றாவதில் இந்தக் கதை அச்சாகி, அத்தான் படித்துத் தெரிந்துகொள்கிறார். பத்திரிகைக்கு ஆறு மாதமாவது ஆகும். ஷெட்டுக்கு மூன்று வாரம். தவிரவும் அத்தான் கதை படிப்பதில்லை.

'வாசகரே, நீங்களே ஒன்றைத் தேர்ந்து

அடித்துவிட்டேன். நீங்கள் அன்று ஷெட்டில் இல்லை.

8

மாலை நான்கு பத்து. அத்தான் மதியமே கிளம்பிப் போய்விட்டார், காரைப் பார்க்க. அவர் அறை காலி. இதை எழுதும்போது ஒரு நிம்மதி வருவதை மறைக்கவில்லை.

போன் அடித்தது. காதுக்காரர்.

"தம்பி, சந்தோஷமான சேதி. பேரிங்ல தேய்மானம் இல்ல, எஞ்சின் தப்பிச்சிடுச்சு."

"நல்லதுங்க."

"கை முழுக்க ஆயில். சார்தான் போனைப் பிடிச்சிட்டு நிக்கறார், ஸ்பீக்கர்ல."

"மச்சான், லெட்டர் ரெடியா?" என்றது அத்தானின் குரல், சற்றுத் தள்ளியிருந்து.

"என்ன லெட்டர் சார்?" என்றார் காதுக்காரர்.

"ஒண்ணுமில்லய்யா, ஆபீஸ் விஷயம். நீ கேக்க வந்ததைக் கேளு."

"அது ஒண்ணுமில்ல தம்பி. வலையில வந்த துண்டையெல்லாம் சேத்துப் பாத்தேன். உள்ள இன்னும் எவ்வளவு கிடக்கும்னு தெரியாம சம்ப்பை மூட முடியாது. சரியா சொல்லுங்க, அன்னிக்கு நீங்க எத்தனை சுத்து பூசினீங்க?"