தம்பியின் ஜாய்ஸ்டிக்

ராயபுரத்தில் தேவப்பிரியத்தின் மொத்தவிலைக் கடையில் கரன்ட் போனால் பில்லைக் கையால்தான் எழுத வேண்டும். கம்ப்யூட்டர் இருந்தது, பிரின்டர் இருந்தது. கரன்ட் போனாலும் அவற்றைச் சற்று நேரம் தாங்கிப் பிடிக்கிற யு.பி.எஸ். பெட்டி மட்டும் கோடை பிறக்குமுன்பே மாடி ஏறிவிட்டது.

காரணம் ஊருக்கே தெரியும். வலைக்கயிறு வாங்க வரும் விசைப்படகுக்காரர் ராமதாஸ் கல்லாவில் கையை ஊன்றிக்கொண்டு, "இன்னா மொதலாளி, மாடில கொயந்த இன்னும் தூங்கிகினு கீதா?" என்பார். தேவப்பிரியம் சிரித்துச் சமாளித்துவிட்டுக் கயிற்றை எடை போடுவார்.

மாடியில் தூங்கியது ஒரு பழைய டிவி கேம். அப்பா உயிரோடு இருந்த காலத்தில் பர்மா பஜாரில் வாங்கிக் கொடுத்தது. பரணைச் சுத்தம் செய்தபோது கிடைத்தது. தம்பி டென்னிஸ் அதை ரிச்சி தெரு ரிப்பேர் கடைக்குத் தூக்கிப் போய் உயிர் கொடுத்து வாங்கி வந்தான். கூடவே ஒரு கேசட். சின்ன வயதில் அண்ணனும் தம்பியும் அட்டையை விரித்து, பகடை உருட்டி, தெருத் தெருவாக வாங்கி விற்று விளையாடிய அதே வியாபார ஆட்டம், இதில் டிவிக்குள் இருந்தது. ஒரு நிறத்துத் தெருக்கள் மொத்தமும் ஒருவன் கைக்கு வந்தால்தான் வீடு கட்டலாம். அதற்காகப் பேரம் பேசுவதில்தான் சுவாரஸ்யமே.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து, தேவப்பிரியத்தின் மனைவி ரோஸ்மேரி சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு இருவரும் அதன் முன் உட்கார்ந்துவிடுவார்கள். ஐம்பதைத் தாண்டிய தேவப்பிரியம் அங்கேதான் வாய்விட்டுச் சிரிப்பார்.

அப்படி ஒரு ஞாயிறு, அவர் டென்னிஸிடம் ஒரு பேரம் வைத்தார். உன் ஆரஞ்சுத் தெருவைக் கொடு, என் ரயில் நிலையத்தை வைத்துக்கொள் என்று. தேவப்பிரியத்துக்குத்தான் லாபமான பேரம். சம்மதமா, இல்லையா என்று திரை டென்னிஸைக் கேட்டு நின்றது. அந்த நேரம் பார்த்து டென்னிஸின் போன் அடித்தது. எர்ணாவூர் கிளைக் கடையின் கட்டட உரிமையாளர். கடையைக் காலி செய்து தர ஒப்புக்கொண்டதற்கு நன்றி சொன்னார்.

எர்ணாவூர் கடையைத் தனி ஆளாக நின்று வளர்த்தவன் டென்னிஸ். காலி செய்வதாக அண்ணன் வாக்குக் கொடுத்தது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. வியாபாரம் அங்கே படுத்துவிட்டது, தம்பி இங்கே வந்து தன்னோடு நிம்மதியாக உட்காரட்டும் என்பது தேவப்பிரியத்தின் கணக்கு. அதை அவர் விளக்கமாகச் சொன்னார். டென்னிஸ் கேட்டுக்கொண்டே ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்தான். திரையைக் காட்டினான்.

"இதுக்கு மட்டும் எதுக்குண்ணே எங்கிட்ட கேக்க?"

அவ்வளவுதான். போய்விட்டான். மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசராகச் சேர்ந்தான் என்று அவன் மனைவி பெர்சிஸ் மூலமாகத்தான் தெரிய வந்தது.

அந்த டிவி கேமுக்கு ஞாபக சக்தி கிடையாது. அணைத்தால் ஆட்டம் மொத்தமும் அழிந்துவிடும். தேவப்பிரியம் அணைக்கவில்லை. டிவியை மட்டும் நிறுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. கரன்ட் போய்த் தொலைத்தால் என்ன செய்வது என்று யு.பி.எஸ்ஸை மேலே கொண்டு வந்து மாட்டினார். தம்பி பதில் சொல்லாதவரை ஆட்டம் முடியவில்லை என்று அவராக ஒரு நியாயம் வைத்துக்கொண்டார். ஒரு நடை மணலிக்குப் போய் அவனைக் கூப்பிட்டிருக்கலாம். மூத்தவன் எப்படிப் போவது என்ற வீம்பு காலைக் கட்டியது. ரோஸ்மேரி அந்தப் பெட்டியைச் சுற்றியே துடைத்துப் பழகிவிட்டாள்.

மழைக்காலம் முடிகிற சமயம் பெர்சிஸ் போன் செய்தாள். மாமனாரின் நினைவு நாள் ஜெபத்துக்கு வருகிறோம், அவரும் வருகிறார் என்றாள். தேவப்பிரியத்துக்குக் கை கால் ஓடவில்லை. வஞ்சிரம் சொல்லிவைத்தார். டிவியைத் துடைத்துப் போட்டார். அதே கேள்வி அங்கேயே நின்றது.

பார்க்கப் பார்க்க அந்தப் பேரம் அவருக்கே உறுத்தியது. தம்பி இத்தனை நாள் கழித்து வந்து முதலில் இதையா பார்க்க வேண்டும்? தம்பியின் ஜாய்ஸ்டிக்கை எடுத்தார்.

வாசலில் நின்ற ரோஸ்மேரி, "அது அவரு அமுக்க வேண்டியதுல்லா?" என்றாள்.

"அவனுக்கு நல்லதுதான் செய்யப் போறேன். நீ போ."

டென்னிஸின் இடத்தில் 'சம்மதம் இல்லை' என்று தானே அமுக்கினார். பிறகு தன் ஜாய்ஸ்டிக்கை எடுத்துப் புதுப் பேரம் வைத்தார். தன்னிடமிருந்த நீலத் தெருக்கள் இரண்டும் டென்னிஸுக்கு, பதிலுக்குப் பேருக்கு ஒரு தெரு. மறுபடியும் தம்பியின் ஜாய்ஸ்டிக்கை எடுத்துச் சம்மதம் என்று அமுக்கினார். இனி அவன் பகடை உருட்டினால் போதும், ஜெயித்த மாதிரிதான். மனசு லேசாகிவிட்டது. புதுச் சட்டையைத் தானே தேய்த்துப் போட்டுக்கொண்டார்.

டென்னிஸ் வந்தான். மெலிந்திருந்தான். "நல்லா இருக்கியாண்ணே" என்று அவனே கேட்டான். ஜெபம் முடிந்து பாதிரியார் கிளம்பியதும் யாரும் சொல்லாமலே மாடி ஏறினான். தேவப்பிரியம் பின்னாலேயே போனார். சிவப்பு விளக்கைப் பார்த்ததும் தம்பியின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்ததை அவர் பார்த்தார்.

டென்னிஸ் சம்மணம் போட்டு உட்கார்ந்து டிவியைப் போட்டான். திரையில் அந்தப் பழைய கேள்வி இல்லை.

"யாருண்ணே ஆடுனது?"

"நாந்தாம்ல. அந்தப் பேரம் ஒனக்கு நட்டம். அதான் மாத்திட்டேன். நீலம் ரெண்டும் ஒனக்குத்தான், பாரு."

டென்னிஸ் ஜாய்ஸ்டிக்கின் வயரை மெதுவாகச் சுற்றினான். குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் தேவப்பிரியத்துக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

"அன்னைக்கு நீ கேட்டதுக்குச் சரின்னு அமுக்கணும்னு நெனச்சுத்தாண்ணே வந்தேன். நட்டம்னு தெரியும். வழியெல்லாம் அதையே நெனச்சுட்டு வந்தேன்."

சுற்றிய வயரை அண்ணன் பக்கம் வைத்துவிட்டு எழுந்தான். கீழே வந்து மரியாதையாகச் சாப்பிட்டான். மீனைப் புகழ்ந்தான். வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பணும் அண்ணி, ரோடெல்லாம் பள்ளமா கிடக்கு என்று ரோஸ்மேரியிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். அடுத்து எப்போது வருவான் என்று யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

மறுநாள் கடையில் கரன்ட் போனது. ராமதாஸின் பில் பிரின்டரிலிருந்து கரகரவென்று வந்தது. அவர் அதை வாங்கி ஒரு பார்வை பார்த்தார். கம்ப்யூட்டருக்கு அடியில் யு.பி.எஸ். இருப்பதைக் கவனித்தவர், வழக்கமான கிண்டலை விட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி வந்துச்சாமே மொதலாளி. இன்னா சொல்லிச்சு?"

தேவப்பிரியம் அவிழ்ந்து கிடந்த கயிற்றுச் சுருளைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

"அவன்கிட்ட நான் எதையுமே கேக்கல, ராமதாஸ்."