வியாழக்கிழமை நோன்பு

…நாலு துண்டுக்கு ஆயிரத்து நாற்பது, விடியலில் தின்ற ரெண்டு முட்டையும் ஓட்ஸும் முந்நூறு, கூட்டினால் ஆயிரத்து முந்நூற்று நாற்பது, ஒரு நாளைக்கு எனக்கு ஆயிரத்து நானூறு கலோரி, ஆக அறுபது மிச்சம், அதில் ஒரு மட்டி வாழைப்பழம் அடங்கும், அடங்குமா, சின்னதாகப் பார்த்து எடுத்தால் அடங்கும்… மனக்கணக்கில் நான் இவ்வளவு கெட்டிக்காரி என்று தெரிந்திருந்தால் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பாடம் எடுக்க யூகேஜியைத் தந்திருக்க மாட்டார்கள், பத்தாம் வகுப்பையே தந்திருப்பார்கள். கருங்கல் ஊரில் இந்த பீட்சா கடையில், சுவரைப் பார்த்த மூலை மேசையில், முகத்தை யாரும் பார்க்காதபடி உட்கார்ந்துகொண்டு கூட்டிக் கழிக்கிறேன். குளச்சலில் வீட்டுக்குப் பக்கத்திலும் இப்படி ஒரு கடை வந்துவிட்டதுதான், ஆனால் அங்கே போனால் பெட்டி வீட்டுக்கு வந்து சேரும் முன்னே சேதி வந்து சேர்ந்துவிடும். பீட்சா தின்றுகொண்டே மெலியலாமா என்று தேடித்தான் முதலில் அந்த வீடியோவைப் பார்த்தேன். மெலியலாம், எந்தச் சாப்பாடும் எதிரி இல்லை, அதற்கு இடம் ஒதுக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் இடம் ஒதுக்கினேன். எதிலிருந்து ஒதுக்கினேன் என்பதுதான்… சரி, விடு, இப்போது எதற்கு அது. கடைக்கார ஜெபிஷ் அடுப்பைத் திறந்து பார்க்கிறான், உருகிய சீஸின் மணம் வருகிறது. துபாயில் எட்டு வருஷம் இதே வேலை பார்த்துவிட்டு வந்தவன். நான் நோன்பு என்று அவனுக்குத் தெரியும், முதல் வாரமே சொல்லிவிட்டேன், சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் சூடாக வந்ததைத் தொடாமல் ஒருத்தி உட்கார்ந்திருந்தால் காரணம் கேட்க மாட்டானா? அன்றிலிருந்து எல்லா வியாழனும் மேசையில் மூன்று பேரீச்சம்பழமும் ஒரு தம்ளர் தண்ணீரும் எடுத்து வைக்கிறான், பாங்கு நேரம் நெருங்கினால் பாட்டை நிறுத்துகிறான். "நீங்க இருக்கதப் பாத்தா எங்களுக்கே வெக்கமா இருக்கு டீச்சர், தவக்காலத்துல ஒரு வெள்ளிக்கிழமகூட நாங்க ஒழுங்கா ஒருசந்தி நோம்பு இருக்கதில்ல" என்றான் போன வாரம். நான் தலையைக் குனிந்து சிரித்தேன். அடக்கம் என்று நினைத்திருப்பான்.

வெட்கமாம் அவனுக்கு. வெட்கம் என்றால் என்ன என்று என்னிடம் கேட்கட்டும். நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் ஷார்ஜாவிலிருந்து என் மாப்பிள்ளை பர்வேஸ் வீடியோவில் கூப்பிட்டான், அவனைப் பெற்ற மாமி என் தோளோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள், கல்யாணம் முடிந்து மூன்று வருஷத்தில் நான் உடுத்த முதல் மஞ்சள் சுடிதார் அது, எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "ஏட்டி, போனக் கொஞ்சம் தள்ளிப் புடி, நீ முழுசா இதுக்குள்ள அடங்கல்ல" என்றான். மாமி சிரித்தாள், நானும் சிரித்தேன், மூன்று பேரில் நான்தான் சத்தமாகச் சிரித்தேன். டிசம்பரில் அவன் வரும்போது அடங்க வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானம். ஆனால் எங்கள் வீட்டில் ஒருத்தி சோறு வேண்டாம் என்று சொல்லிவிட முடியுமா? ஏன் திங்கல்ல, காய்ச்சலா, யாரு என்ன சொன்னா, மீன் பிடிக்கலியா… டயட் என்று சொன்னால் அது இன்னொரு சிரிப்பு. அப்படி ஒரு திங்கட்கிழமை, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக மத்தியானச் சோற்றுப்பாத்திரத்தை நீட்டிய மாமியிடம், வாயில் என்ன வந்ததோ, "இண்ணைக்கு நான் நோம்பு மாமி" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், ஒரு கேள்வி இல்லை. சோற்றுப்பாத்திரத்தை வைத்துவிட்டு மாமி வந்து என் தலையில் உள்ளங்கையை வைத்தாள். திங்களும் வியாழனும் நோன்பு வைப்பது சுன்னத்து, நபி காட்டிய வழி, நல்ல பழக்கம், ஊரில் வைக்கிறவர்கள் விரல்விட்டு எண்ணும்படிதான், எங்கள் வீட்டில் ஒருத்தி வைக்கிறாள்! பொய் என்று முழுசாகவும் சொல்ல முடியாது, விடியலில் எழுந்து சாப்பிடுகிறேன், பகலெல்லாம் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை, இன்றைக்கு நோன்பு என்று வாயால் நிய்யத்தும் சொல்கிறேன். நிய்யத்து வாயில் இல்லை, மனதில் இருக்க வேண்டும் என்று மதரஸாவில் படித்தது எனக்கு மறந்தா போயிற்று? மனதில் என்ன இருந்தது? நாலு துண்டு இருந்தது, கோழியும் குடமிளகாயும் போட்டது.

இதில் பெரிய கூத்து என்னவென்றால் மூன்றரை கிலோ குறைந்துவிட்டது. தாடை தெரிகிறது, கன்னம் ஒட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டில் கல்யாணப் பேச்சுக்குக் கூடியிருந்த பெண்களிடம் மாமி என் நாடியைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, "நோம்பு நோக்குத மொகத்துக்கு ஒரு நூர் உண்டு, பாத்தேளா" என்றாள். அவர்களும் பார்த்தார்கள், ஆமா ஆமா என்றார்கள். தரை பிளந்தால் இறங்கிவிடலாம் போல இருந்தது, ஆனால் இன்னொரு பக்கம், சொல்ல நாக்கூசுகிறது, சந்தோஷமாகவும் இருந்தது. அல்லாவின் ஒளியோ பட்டினியின் பலனோ, முகம் நன்றாக இருக்கிறது என்றுதானே சொன்னார்கள். அந்த வாரமே வியாழக்கிழமைக்கு ஸ்பெஷல் கிளாஸ் என்று இன்னொரு பொய், கூட வேலை பார்க்கும் லிஜி டீச்சர் வீட்டில் நோன்பு திறந்துவிட்டு வருகிறேன் என்று அதற்கும் மேல் ஒரு பொய். பொய்க்குக் கலோரி இருந்திருந்தால் நான் இந்நேரம் கதவுக்குள்ளேயே நுழைந்திருக்க மாட்டேன்.

போன் அடிக்கிறது. மாமி. ஐந்து ஐம்பது. ஜெபிஷ் பீட்சாவை வெளியே எடுத்துவிட்டான், வெட்டுகிற சத்தம் கேட்கிறது. "மக்கா, இண்ணைக்கு லிஜி டீச்சர் வீட்டுல தொறக்காண்டாம் கேட்டியா, வீட்டுக்கு வந்திரு, ரெண்டு பேருமா தொறப்போம்." ரெண்டு பேருமா என்றால்? "நானும் நோம்புதான். ஒனட்ட சொல்லல்ல, சொன்னா நீ விடமாட்டேல்லா." குரல் ஒரு மாதிரி இழுத்தது, வார்த்தைக்கு வார்த்தை நின்று நின்று வந்தது. மாமிக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை வியாதி. மாத்திரை? மாமி, மாத்திரை? "அது விடியப்பொறமே முழுங்கிட்டேன். தலைதான் கொஞ்சம் கெறங்குது, கையி வெறைக்கி, அது ஒண்ணும் இல்ல." சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுப் பகல் முழுக்கப் பட்டினி! சர்க்கரை இறங்கிவிட்டது. இப்பமே முறிச்சிருங்க மாமி, சீனி வெள்ளம் கலக்கிக் குடியுங்க என்றேன். "போட்டி, இன்னும் முக்கா மணிக்கூருகூட இல்ல." நோயாளிக்குக் கடமையில்ல மாமி. "ஒனக்கும்தான் கடமையில்ல. நீ இருக்கேல்லா? பிள்ளையளுக்க கூட நாள் முழுக்க நின்னு கத்திட்டு நீ இருக்கே, வீட்டுல கெடக்குத எனக்கு என்ன கேடு?" அங்கே, அந்த இடத்தில், ஒரு வரி போதும். என் நோன்பு நோன்பில்லை மாமி. நாலே வார்த்தை. வாய் திறந்தேன். ஜெபிஷ் தட்டோடு பக்கத்தில் வந்து நின்றான், அது சாக்காகிவிட்டது. "நான் வருதேன்" என்று வைத்துவிட்டேன்.

பார்சலாகக் கட்டித் தரச் சொன்னேன். விட்டுவிட்டு ஓடியிருக்கலாம், அதைக்கூட விடவில்லை பார். பெட்டி ஸ்கூட்டியில் கால் வைக்கிற இடத்தில் இருக்கிறது, சூடு கணுக்காலில் படுகிறது. கருங்கல் சந்தை முக்கில் பஸ்ஸும் லாரியும் மூக்கோடு மூக்கு வைத்து நிற்கின்றன, நடுவில் மீன்கூடையோடு ஒரு அம்மா இரண்டு டிரைவர்களையும் ஏசிக்கொண்டிருக்கிறாள், நகர வழியில்லை, இந்த இடைவெளியில் கூப்பிட்டுச் சொல்லிவிடலாமே, போன் கைப்பையில்தானே இருக்கிறது… நேரில் சொல்லுவோம், இது போனில் சொல்கிற காரியமா. பக்கத்து வீட்டில் கூப்பிட்டு, மாமியைப் போய்ப் பாருங்கள், சீனியைக் கரைத்து வாயில் ஊற்றுங்கள் என்று சொல்லலாம். சொன்னால் நோன்பாளிக்கு எப்படி ஊற்றுவது என்பார்கள், மாமி மறுப்பாள், அப்புறம் பேச்சு என் பக்கம் திரும்பும். மாமா மவுத்தாகி நாலு வருஷம், வீட்டில் வேறு ஆள் கிடையாது. பேச்சு என் பக்கம் திரும்பக் கூடாது என்பதற்காக ஒரு மனுஷியைத் தனியாக விட்டுவிட்டு இருபத்தைந்து நிமிஷம் வண்டி ஓட்டுகிறேன், இதுதான் நான், முகத்தில் நூர் உள்ளவள். மாமி எத்தனை நாளாக வைக்கிறாள்? போன திங்களும் சாயா குடிக்கவில்லையே, நெஞ்சு எரிகிறது என்றாளே, அன்றைக்குமா? எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு துண்டு பீட்சாவில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், மாமி மத்தியானம் தின்றாளா என்று தெரியாது. பஸ் பின்வாங்கியது. ஓட்டினேன், வேகத்தடை ஒன்றில் பெட்டி சரிந்தது, காலால் அணைத்துப் பிடித்தேன், அந்த அவசரத்திலும் அணைத்துப் பிடித்தேன்.

மாமி பாய் விரித்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு தட்டு, இரண்டு தம்ளர், பேரீச்சம்பழம், தோல் உரிக்காத மட்டிப்பழம், எல்லாம் இரண்டு பேருக்கு. நெற்றி வியர்த்து முடி ஒட்டியிருந்தது, உதடு வெளுத்திருந்தது, என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது. சுவர்க் கடிகாரத்தில் ஆறு இருபத்தொன்று. பாங்குக்கு இன்னும் பன்னிரண்டு நிமிஷம். பெட்டியைப் பாயில் போட்டுவிட்டு அடுக்களைக்கு ஓடி மூன்று கரண்டி சீனி போட்டுக் கலக்கிக்கொண்டு வந்தேன், மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பன்னெண்டு நிமிஷத்துக்கு நான் செத்துப் போவேனா? நீ இருக்கும்போ நான் மட்டும் முறிக்கணுமா? வெக்கமில்லியா எனக்கு." தம்ளரை ஒதுக்கித் தள்ளினாள். வாயால் சொல்ல வராததைத் தின்று காட்டிவிடலாம். பெட்டியைத் திறந்தேன். ஒரு துண்டை எடுத்தேன், மாமியின் முகத்துக்கு நேரே, கண்ணைப் பார்த்துக்கொண்டே கடித்தேன். பாதி ஆறிய சீஸ் நூல் நூலாகத் தாடையில் ஒட்டியது. மென்றேன், விழுங்கினேன், இருநூற்று அறுபது என்று மனம் சொன்னது. அப்போதும் சொன்னது, இதைவிடக் கேவலம் உண்டா!

மாமிக்கு முதலில் புரியவில்லை. பிறகு பதறிக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள். "அய்யோ மக்கா, மறந்து போனியா? செரி, செரி, பதறாண்டாம். மறந்து தின்னா முறியாது கேட்டியா. அல்லா ஊட்டினதுன்னு வச்சுக்கோ. மீதியத் துப்பிட்டு வாயக் கொப்புளி, ஒனக்கு இன்னும் நோம்புதான்." தலைசுற்றலோடு, வியர்வையோடு, என் நோன்பைக் காப்பாற்றப் பார்க்கிறாள். ஆமாம் மாமி, மறந்துவிட்டேன் என்று சொன்னால் முடிந்தது, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து உட்காரலாம், நூர் முகத்தில் அப்படியே இருக்கும், பன்னிரண்டு நிமிஷம் இப்போது ஒன்பதாகியிருக்கும்… எவ்வளவு ஆசையாக இருந்தது அப்படிச் சொல்ல. மாமியின் விரல் என் மணிக்கட்டில் ஆடிக்கொண்டே இருந்தது. "மறக்கல்ல மாமி. எனக்கு நோம்பே இல்ல. ஒரு நாளும் இருந்ததில்ல. மெலியதுக்குப் பட்டினி கெடந்தேன், இதத் திங்கதுக்குப் பட்டினி கெடந்தேன்."

மணிக்கட்டை விட்டாள். "திங்களாழ்ச்சயுமா?" "எல்லா நாளும்." மாமி கையை நீட்டினாள், தம்ளரைக் கொடுத்தேன், ஒரே மடக்காகக் குடித்தாள், அடியில் கரையாமல் கிடந்த சீனியையும் விரலால் வழித்து நக்கினாள். ஒரு பேரீச்சம்பழம், இன்னொன்று. அழுதுவிடுவாள், அல்லது அடிப்பாள், ஊரெல்லாம் சொன்னேனே என்று தலையில் அடித்துக்கொள்வாள் என்று காத்திருந்தேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். மாமி காலித் தம்ளரைப் பார்த்துக்கொண்டு, "அவன் அண்ணைக்குப் போன்ல சொன்னதுக்கா?" என்றாள். நான் கையிலிருந்த துண்டைப் பார்த்தேன். "நானும் சிரிச்சேன்லா" என்றாள். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது. நெற்றி வியர்வை மெல்ல அடங்கியது.

பாங்கு கேட்டது. மாமியின் கை பழக்கத்தில் முந்தானையைத் தலைக்கு இழுத்தது, உதடு நோன்பு திறக்கும் துஆவைத் தொடங்கி, பாதியில் நின்றது. நானும் தலையை மூடிக்கொண்டேன், எதற்கு என்று தெரியாமல். பாங்கு முடிந்ததும் மாமி பெட்டியைப் பார்த்தாள், என் கையில் பாதி கடித்த துண்டைப் பார்த்தாள், பெட்டியை என் பக்கம் நகர்த்தினாள். "ஆறிப் போவுது. இருந்து தின்னு." கோபமா இது, மன்னிப்பா, தண்டனையா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பாயில் அவளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன், கடித்தேன். அப்போதுதான் உறைத்தது, இந்த வீட்டுக்கு வந்த மூன்று வருஷத்தில் மாமிக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு நாளும் நான் வயிறு நிறையத் தின்றதில்லை, கொஞ்சம் போதும் மாமி என்று எழுந்துபோய் அப்புறம் அடுக்களையில் நின்றுகொண்டு தின்றதுதான் எல்லாம்… அது எப்போது தொடங்கியது, யார் சொல்லித் தொடங்கியது, யாராவது சொன்னார்களா? ஐந்நூற்று இருபது என்றது மனம், எழுநூற்று எண்பது என்றது. மாமி பார்த்துக்கொண்டே இருந்தாள், நான் தலை நிமிராமல் மென்றேன்.